உளுந்து மணி திரட்சி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் சம்பா அறுவடைக்கு முன் வயலில் தெளித்த உளுந்து, காய் முற்றும் சமயத்தில் அடியிலையிலிருந்து மஞ்சளாகிறது. நோயா?

பதில்: கொழுந்திலைகளில் பளிச்சென்ற மஞ்சள் திட்டுகள் இருந்தால், அது வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமல். அடியிலைகள் சீராக வெளிறுவது பெரும்பாலும் செடியின் இயல்பே. உளுந்து மணியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு புரதம். அதற்கான தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, காய் கேட்கும் வேகத்தில் வேரால் தர இயலாது. வேர் முடிச்சுகளும் இலையின் சர்க்கரையை நம்பியே காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிப்பதால், அந்தச் சர்க்கரையைக் காய்கள் இழுத்துக்கொள்ளும்போது முடிச்சுகளும் தளர்கின்றன. அப்போது செடி தன் இலைப் புரதத்தையே உடைத்து, அமினோ அமிலங்களாகக் காய்க்கு அனுப்புகிறது. உணவு தயாரிக்கும் இலையே கரைவதால் மணி திரளும் காலமும் சுருங்குகிறது. சோயா மொச்சையில் இந்தத் தன்னழிவை 1970-களில் பயிர் ஆய்வாளர்கள் சின்க்ளேரும் டி விட்டும் கணக்கிட்டுக் காட்டினார்கள். மஞ்சளாவதை அறவே தடுக்க முடியாது. சில நாள் தள்ளிப்போட முடிந்தாலே மணி எடை கூடும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: ஒரே காயில் சில மணிகள் மட்டும் சோடையாவது ஏன்?

பதில்: காயிலிருந்து சிறு காம்பு வழியே வரும் உணவு விதையுறையோடு நின்றுவிடுகிறது. உறைக்கும் கருவுக்கும் இடையே குழாய்த் தொடர்பு இல்லாததால், உறை கசியவிடும் சர்க்கரையையும் அமினோ அமிலங்களையும் கரு தானே உறிஞ்ச வேண்டும். பருப்பின் செல்கள் பெருகும் தொடக்க நாட்களில் ஈரமோ உணவோ குறைந்தால், அந்த மணிக்குக் கொள்ளளவே சிறுத்துவிடும். பின்னர் எவ்வளவு ஊட்டினாலும் அது நிரம்பாது. ஆழ்துளைக் கிணறு உள்ளவர்கள் பூக்கும் சமயத்தில் ஒரு தண்ணீர் விடுவதை நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கேள்வி: டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரத்தை இலையில் தெளிப்பது எதற்கு? எப்படி?

பதில்: நெல் அறுவடைக்குப் பின் உழாத தரிசு வயலில், மேல்மண் காய்ந்த பிறகு தூவும் உரம் வேருக்கு எட்டுவதில்லை. ஏக்கருக்கு 4 கிலோ டி.ஏ.பி.யை முதல் நாளே சிறிதளவு நீரில் ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் வடித்து, மொத்தம் 200 லிட்டராக்கி, பூக்கும் தருணத்தில் ஒரு முறையும் 15 நாள் கழித்து மறுமுறையும் மாலையில் தெளியுங்கள்.

கேள்வி: விதைத்தவுடன் யூரியா தூவலாமா?

பதில்: வேண்டாம். மண்ணில் நைட்ரேட் மிகுந்தால் வேர் முடிச்சுகள் உருவாவது குறையும்.