டியூன் செய்த இன்ஜின் போய்விட்டது, யார் பொறுப்பு?

கேள்வி: டர்போ பொருத்திய என் காரின் எரிபொருள் இன்ஜெக்‌ஷனை டியூன் செய்ய ஒரு நிபுணருக்குப் பணம் கொடுத்தேன். டைனோவில் (வண்டியை நிறுத்தியபடியே ஓட்டி இன்ஜின் சக்தியை அளக்கும் கருவி) ஏற்றி முடித்துத் தந்தார். மூன்றாவது வாரமே ஒரு பிஸ்டன் உருகி ஓட்டை விழுந்துவிட்டது. ‘உங்கள் ஃப்யூயல் பம்ப் பழசு, என் தவறில்லை’ என்கிறார். ‘இன்ஜின் சேதத்துக்குப் பொறுப்பல்ல’ என்ற தாளில் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். பந்தயத்துக்குக் கட்டிய நுழைவுக் கட்டணமும் வீண். வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். அதற்கு முன், இன்ஜினைப் பிரித்த மெக்கானிக்கிடம் சொல்லி வேலையை அப்படியே நிறுத்துங்கள். பிஸ்டன், ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டர், பம்ப் எதையும் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. இவற்றைவிட முக்கியம் இசியு, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி. அதற்குள் இருக்கும் மேப்தான் (எப்போது எவ்வளவு எரிபொருள் என்று சொல்லும் அட்டவணை) அவர் செய்த வேலைக்குச் சாட்சி. ‘கொண்டு வாருங்கள், பார்த்துத் தருகிறேன்’ என்று கூப்பிட்டால் போகாதீர்கள். புது மேப் ஏற்ற அதிக நேரம் ஆகாது. ஏற்றிவிட்டால் சாட்சி போச்சு. வேறொரு டியூனரைக் கொண்டு அதன் நகலை எடுத்து வையுங்கள். பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருந்தால் எழுத்து மூலம் கேளுங்கள். அவர் மறுத்தால், அந்த மறுப்பும் உங்களுக்குப் பயன்படும்.

சரி, பம்ப் வாதத்துக்கு வருவோம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு எரிபொருள் என்றால், டர்போ இன்ஜினை முழு பளுவில் ஓட்டும்போது பாதுகாப்புக்காக 12-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ வைப்பார்கள். பம்ப் திணறினால் ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) ஏற ஏற இந்த எண்ணும் ஏறும், அதாவது காற்றுக்கு ஏற்ற எரிபொருள் போகாது; அது டைனோ வரைபடத்திலேயே தெரியும். அதைப் பார்த்ததும் நிறுத்தி உங்களிடம் சொல்வதுதான் திறமையான டியூனரின் கடமை. ஆகவே அந்த வரைபடத்தையும் லாக்கையும் (ஓட்டத்தின்போது பதிவான அளவுகள்) கேட்டு வாங்குங்கள். கோடு அன்றே ஏறியிருந்தால், பம்ப்பைப் பற்றி அவர் சொல்வதே அவருக்கு எதிராகத் திரும்பும். கோடு ஏறாமல் இருந்தால், பம்ப் பிறகு கெட்டது என்று அவர் சொல்ல இடமுண்டு. உங்கள் வழக்கு பலவீனம்தான். நடுவில் நீங்கள் பூஸ்ட்டை (டர்போ தரும் காற்றழுத்தம்) கூட்டியிருந்தாலோ, குறைந்த ஆக்டேன் பெட்ரோல் போட்டிருந்தாலோ உங்கள் வக்கீலிடம் மறைக்காதீர்கள்.

கையெழுத்துக்காக ரொம்பப் பயப்பட வேண்டாம். இப்படிப்பட்ட விலக்கு வாசகங்களை, அவற்றை எழுதியவருக்கு எதிராகவே குறுக்கிப் படிப்பது நீதிமன்றங்களின் வழக்கம். வண்டிக்கு இயல்பாக உள்ள ஆபத்தை நீங்கள் ஏற்றுக்கொண்டீர்கள். கவனமில்லாமல் செய்த வேலையையும் ஏற்றுக்கொண்டதாக அந்த ஒரு வரியை வைத்துச் சொல்லிவிட முடியாது.

நுழைவுக் கட்டணம் தனி விஷயம். 1854-ல் ஹாட்லி எதிர் பேக்ஸென்டேல் என்றொரு ஆங்கிலேய வழக்கு. மாவு மில்லின் உடைந்த கிராங்க் ஷாஃப்ட்டைக் கொண்டுபோனவர் தாமதித்ததால் மில் கூடுதல் நாட்கள் நின்றது. அந்த லாப இழப்புக்கு ஈடு கிடைக்கவில்லை. ஒப்பந்தம் செய்தபோது இரு தரப்பும் எதிர்பார்த்திருக்கக்கூடிய நஷ்டம் அல்ல என்றது நீதிமன்றம். (இன்ஜின் தகராறு வந்தாலே எனக்கு அந்த ஷாஃப்ட்தான் ஞாபகம் வரும்.) டியூனிங் கூலிக்கும் இன்ஜின் செலவுக்கும் இந்தச் சிக்கல் இல்லை. பந்தயக் கட்டணத்துக்கு உண்டு. வேலையை ஒப்படைக்கும்போதே பந்தயத் தேதியை அவரிடம் சொன்னீர்களா? அந்த வாட்ஸ்அப் செய்தி இருந்தால் இன்றே எடுத்து வையுங்கள்.