பதிகம் பாதியில் அணையும் திரை

கேள்வி (ஒரு வாசகர், வெள்ளவத்தை): எங்கள் கோயிலில் ஓதுபவர்களுக்காக அன்ட்ரொயிட்டில் ஒரு தேவார ஆப் செய்தேன். பாதிப் பதிகத்தில் திரை அணைகிறது என்று மாமா சத்தம் போட்டார். வேக் லொக் (போனைத் தூங்கவிடாமல் பிடித்துவைக்கும் பூட்டு) அனுமதி எடுத்துப் போட்டேன். இப்போது அணைவதில்லை, ஆனால் மத்தியானத்துக்குள் சார்ஜ் முடிகிறது. என்ன பிழை?

பதில்: மாமாவின் கோபம் நியாயமானதுதான். விரலில் திருநீறும் சந்தனமும் அப்பியிருக்க, கைரேகையை வைத்தால் போன் எங்கே திறக்கும்? நாலு இலக்கத்தை அடித்து முடிப்பதற்குள் கூடப் பாடுகிறவர்கள் அடுத்த பாட்டுக்குப் போயிருப்பார்கள்.

நீங்கள் அந்த வேக் லொக்கை அன்ட்ரொயிட்டில் மின்சக்தியைக் கவனிக்கும் பவர் மேனேஜரிடம் எடுத்திருக்கிறீர்கள், அதை எடுத்தவரே விடுவிக்க வேண்டும், மறந்தால் மாமா ஆப்பைவிட்டு வெளியே வந்த பிறகும் அது போனைத் தூங்கவிடாது. அதிலும் திரையை முழு வெளிச்சத்தில் பிடித்துவைக்கும் ஃபுல் வேக் லொக்கை அன்ட்ரொயிட் 4.2 காலத்திலேயே கைவிடச் சொல்லியாயிற்று.

உங்களுக்கு வேண்டியது விண்டோவுக்குப் போடும் 'கீப் ஸ்கிரீன் ஒன்' ஃப்ளாக், அதாவது இந்த விண்டோ தெரியும்வரை திரையை அணைக்காதே என்ற குறி. ஒரே வரி. அனுமதி எதுவும் தேவையில்லை (ஆப்பின் அனுமதிகளை எழுதும் மெனிஃபெஸ்ட் கோப்பில் போட்டதையும் அழித்துவிடுங்கள்), வேறு ஆப்புக்குப் போனால் அதன் வேலை தானாக நின்றுவிடும். பாட்டு வரும் பக்கத்துக்கு மட்டும் போடுங்கள், பட்டியல் பக்கத்துக்கு வேண்டாம், ஏனென்றால் மனிதர் பட்டியலைத் திறந்து மேசையில் வைத்துவிட்டுப் பிரசாதம் வாங்கப் போய்விடுவார். எல்லாப் பக்கமும் ஒரே அக்டிவிட்டிக்குள் (ஆப்பின் ஒரு முழுத்திரைக்குள்) என்றால், பாட்டு தெரியும் வியூவிலேயே (திரையின் அந்தப் பகுதியிலேயே) லேஅவுட்டில் கீப்ஸ்கிரீன்ஒன் என்று எழுதுவது சுகம், வியூ மறைந்தால் அதுவும் போய்விடும். பவர் பொத்தானை அழுத்தினால் எப்படியும் போன் பூட்டிக்கொள்ளும், அதைத் தடுக்கப் பார்க்காதீர்கள்.

கேள்வி (ஒரு வாசகி, கொட்டாஞ்சேனை): ஐபோனிலும் இணையப் பக்கத்திலும் இதே வேலையைச் செய்யலாமா?

பதில்: செய்யலாம். ஐபோனில் 'ஐடில் டைமர் டிஸ்ஏபிள்ட்' (தொடாமல் விட்டால் திரையை அணைக்கும் கணக்கை நிறுத்துவது) என்பதை ட்ரூ ஆக்குங்கள், அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறும்போது மறக்காமல் ஃபோல்ஸ் ஆக்குங்கள். இணையப் பக்கத்துக்கு ஸ்கிரீன் வேக் லொக் என்று தனியாக ஒன்று உண்டு: குரோமில் 2020இல் 84ஆம் பதிப்பிலிருந்து, சஃபாரியில் 2023இல் 16.4இலிருந்து. தளம் எச்டிடிபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். அப்புறம், நடுவில் வட்ஸ்அப் பார்க்கப் போனால் பூட்டு கழன்றுவிடும், திரும்பி வந்ததும் பக்கம் மறுபடி கேட்டு வாங்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.