கொசுவுக்குள் வைரஸ்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா வைரஸ்கள் ஏடிஸ் கொசுவின் உடலில் எப்படிப் பெருகுகின்றன என்பதுதான் என் ஆராய்ச்சி. ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

டெங்கு நோயாளியைக் கடித்த கொசு உடனே என்னைக் கடித்தால் எனக்கும் வருமா?

உடனே கடித்தால் வர வாய்ப்பு மிகக் குறைவு. கொசு வெறும் ஊசி இல்லை. குடித்த ரத்தத்தோடு வைரஸ் முதலில் கொசுவின் குடலுக்குப் போகிறது. குடல் சுவரின் செல்களுக்குள் புகுந்து, பெருகி, உடல் முழுக்கப் பரவி, கடைசியில் உமிழ்நீர்ச் சுரப்பியை எட்ட வேண்டும். இதற்குச் சுமார் 8 முதல் 12 நாள் ஆகும். வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம். பல கொசுக்களில் வைரஸ் குடலைத் தாண்டுவதே இல்லை. தாண்டினாலும், அது உமிழ்நீருக்கு வருவதற்குள் கொசு செத்துப்போகலாம். அதனால் எத்தனை கொசு இருக்கிறது என்பதைப் போலவே, ஒரு கொசு எத்தனை நாள் உயிரோடு இருக்கிறது என்பதும் எங்களுக்கு முக்கியம்.

உமிழ்நீரில் வைரஸ் இருப்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் சார்?

கொசுவைக் குளிர வைத்தால் அசையாமல் கிடக்கும். நுண்ணோக்கியில் பார்த்தபடியே கால்களையும் இறக்கைகளையும் எடுத்துவிட்டு, அதன் உறிஞ்சுகுழலை மிக மெல்லிய கண்ணாடிக் குழாய்க்குள் நுழைப்போம். குழாயில் ஒரு சொட்டுத் திரவம் இருக்கும். கொஞ்ச நேரத்தில் கொசு அதில் உமிழ்நீரை விடும். அப்புறம் அந்தச் சொட்டை ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களில் இட்டு, உயிருள்ள வைரஸ் பெருகுகிறதா என்று பார்ப்போம். வைரஸ் ஏற்றிய கொசுக்கள் ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு. ஒன்று குறைந்தாலும், அது கிடைக்கும்வரை தேட வேண்டும்.

எச்.ஐ.வி. கொசு வழியே பரவாததற்கும், அது கொசுவின் குடலைத் தாண்டி உமிழ்நீருக்கு வர முடியாததுதான் காரணமா?

ஆமாம். அந்த வைரஸால் கொசுவின் செல்களில் பெருக முடியாது. குடலிலேயே ரத்தத்தோடு செரித்துப்போகும்.

எனக்கு ஒருமுறை டெங்கு வந்துவிட்டது. இனி வராதுதானே?

வரலாம். டெங்கு வைரஸில் 4 வகை உண்டு. ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்கு மட்டும்தான் நீண்டகாலப் பாதுகாப்பு. இரண்டாவது முறை வேறு வகை தொற்றினால், பழைய எதிர்ப்புப் புரதங்கள் அதை ஒட்டிக்கொள்ளும், ஆனால் செயலிழக்க வைக்காது. ஒட்டிய நிலையிலேயே வைரஸ் நம் நோய் எதிர்ப்புச் செல்களுக்குள் எளிதாக நுழைந்துவிடுகிறது. இரண்டாவது டெங்கு கடுமையாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தடுப்பூசியைத் தடுமாற வைத்ததும் இதே சிக்கல்தான். முதலில் உரிமம் பெற்ற டெங்கு தடுப்பூசி, முன்பு டெங்கு வராதவர்களுக்குப் பின்னாளில் கடுமையான டெங்கு வரும் அபாயத்தைக் கூட்டுகிறது என்று 2017-இல் தெரியவந்தது.

என் மகளுக்கு டெங்கு. நான்காம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது. இனி பயமில்லையா டாக்டர்?

இப்போதுதான் மிகவும் கவனமாக இருக்க வேண்டும் அம்மா. ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிவது பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான். அடுத்த ஒன்றிரண்டு நாள் கண்காணியுங்கள். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், மூச்சுத் திணறல், சிறுநீர் குறைதல், கைகால் சில்லிடுதல், சோர்ந்து கிடத்தல் – இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். ஆஸ்பிரின், இபுபுரூஃபென் கொடுக்கவே கூடாது. நான் ஆராய்ச்சியாளன், சிகிச்சையை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கொசுவை ஒழிக்காமல், கொசுவை வளர்த்து வெளியே விடுகிறார்களாமே?

வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவை ஏற்றிய கொசுக்கள் அவை. இந்த பாக்டீரியா கொசுவுக்குள் இருந்தால் டெங்கு வைரஸ் சரியாகப் பெருக முடிவதில்லை. தாயிடமிருந்து முட்டை வழியே அடுத்த தலைமுறைக்கும் போய்விடும். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் நடந்த சோதனையில், இந்தக் கொசுக்களை விட்ட பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைந்தது. 2021-இல் முடிவு வெளியானது. கடி குறையாது, நோய்தான் குறையும். இந்தத் துறையில் எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் வேலை இது.

இரவில் கொசுவலை கட்டினால் போதாதா?

ஏடிஸ் பகலில் கடிக்கும், குறிப்பாகக் காலையிலும் மாலையிலும். பகலில் தூங்கும் குழந்தைக்கும் வலை வேண்டும்.

தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கவிழ்த்து வைத்தால் சரியா?

தேய்த்துக் கழுவியும் வையுங்கள். ஏடிஸ் முட்டைகள் கறுப்பாக, பாத்திரத்தின் உள்சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் பல மாதம் தாக்குப்பிடிக்கும். மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். வாரம் ஒருமுறை நாரால் அழுத்தித் தேயுங்கள்.