டாக் டாக்: 'மிஸ்ஸிங் பீசஸ்' சிடிக்கு நாற்பது பவுண்டு தகுமா?

கேள்வி: டாக் டாக் இசைக்குழுவின் கடைசி ஆல்பமான 'லாஃபிங் ஸ்டாக்' சிடி என்னிடம் இருக்கிறது. 2001-ல் வந்த 'மிஸ்ஸிங் பீசஸ்' தொகுப்பை ஒருவர் செகண்ட் ஹேண்டில் 40 பவுண்டுக்கு விற்கிறார். 'பிற்காலப் பாடல்கள், லேசில் கிடைக்காது' என்கிறார். வாங்கலாமா? (லண்டன் வாசகர்)

பதில்: 'லாஃபிங் ஸ்டாக்' கையில் இருக்கும்போது அவசரமே இல்லை. தொகுப்பில் மொத்தம் ஏழு தடங்கள் (பாட்டுகள்) தான். 'ஆஃப்டர் த ஃபிளட்', 'மிர்மேன்', 'நியூ கிராஸ்', 'அசென்ஷன் டே' ஆகிய நான்கும் உங்கள் சிடியில் இருப்பவை. அதிலும் 'மிர்மேன்' தவிர மற்ற மூன்றும் சிங்கிளுக்காக, அதாவது தனிப் பாட்டாக வெளியிடுவதற்காக, சுருக்கியவை. ஆல்பத்தில் ஒன்பதரை நிமிடத்துக்கு மேல் ஓடுகிற 'நியூ கிராஸ்' பாட்டை வெட்டிக் கேட்பது, ஆலாபனையை விட்டுவிட்டுக் கச்சேரிக்குள் நுழைவது மாதிரி.

உங்களுக்குப் புதிதாகக் கிடைப்பவை 'ஸ்டம்ப்', '5:09', 'பியானோ' ஆகிய மூன்று. முதல் இரண்டும் 1991 சிங்கிள்களில் கூடவே வந்தவை. 'பியானோ' டாக் டாக் இசையே அல்ல. பாடகர் மார்க் ஹாலிஸ் தனியாக வாசித்தது. ஜான் கோப் என்ற புனைபெயரில் 1998-ல் வேறொரு ஆல்பத்துக்காகக் கொடுத்தது. ('ஜான் கோப்' என்பது இவர்களுடைய பழைய பாட்டு ஒன்றின் தலைப்பு. மனிதருக்குக் குறும்பு இருந்திருக்கிறது.) ஆக, ஒரு தடத்துக்கு 13 பவுண்டுக்கு மேல் கொடுக்கிறீர்கள். எல்லாவற்றையும் சேர்த்து வைப்பவர் என்றால் வாங்குங்கள். கேட்பதற்காக என்றால், நான் வாங்கமாட்டேன்.

1988-ல் வந்த இவர்களுடைய 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்' ஆல்பம் உங்களிடம் இல்லையென்றால், அந்தப் பணத்துக்கு அதை வாங்குங்கள். அதுவும் சரி, 'லாஃபிங் ஸ்டாக்'கும் சரி, துண்டு துண்டாகக் கேட்பதற்கு உண்டானவை அல்ல. 'லாஃபிங் ஸ்டாக்' பதிவு லண்டன் வெஸ்ஸெக்ஸ் ஸ்டுடியோவில் 1990 செப்டம்பரில் தொடங்கி ஏழு மாதம் போல நடந்தது. ஜன்னலை மறைத்து, கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, அரையிருட்டில் கலைஞர்களை மனம்போனபடி வாசிக்கச் சொன்னார்கள். அப்படிப் பதிவானதில் பெரும்பகுதியைத் தூக்கிப் போட்டுவிட்டு, மிஞ்சியதை ஒட்டித்தான் ஆல்பம் ஆக்கினார்கள். அப்படி உருவான 43 நிமிடத்தில் மௌனத்துக்கும் இடம் உண்டு. தொகுப்பு போடுகிறவர் முதலில் கை வைப்பது அதில்தான்.

கேள்வி: டாக் டாக்கின் இன்னொரு தொகுப்பான 'நேச்சுரல் ஹிஸ்டரி' வாங்கினால் பிற்காலப் பாடல்களும் வந்துவிடுமா? 'ஹிஸ்டரி ரீவிசிட்டட்' என்று ஒன்றும் கண்ணில் படுகிறது. நீதிமன்றம் அழிக்கச் சொன்ன ஆல்பம் என்று விலை ஏற்றுகிறார்கள்.

பதில்: 'நேச்சுரல் ஹிஸ்டரி' வந்தது 1990-ல். 'லாஃபிங் ஸ்டாக்' அதற்கடுத்த ஆண்டு. அப்புறம் எப்படி அதில் இருக்கும்? அது பெரும்பாலும் எண்பதுகளின் ஹிட் பாடல்கள். நல்ல தொகுப்புதான், நீங்கள் தேடுவது அதுவல்ல.

'ஹிஸ்டரி ரீவிசிட்டட்', 1991-ல் ஈஎம்ஐ என்ற இசை நிறுவனம் இசைக்குழுவைக் கேட்காமல் வெளியிட்ட ரீமிக்ஸ் (பழைய பாட்டுகளை மாற்றியமைத்த) தொகுப்பு. குழு வழக்குப் போட்டு ஜெயித்தது, மீதிப் பிரதிகளை அழிக்க வேண்டியதாயிற்று. கதை உண்மை. ஆனால் அழிந்தது விற்காமல் கிடந்த பிரதிகள்தான். அதற்குள் விற்றுப்போனவை ஊரெல்லாம் இருக்கின்றன. கதைக்குக் காசு கொடுக்காதீர்கள். பழைய இசைத்தட்டுகளை வாங்கி விற்கும் டிஸ்காக்ஸ் இணையதளத்தில் இதுவரை விற்ற விலைகள் குறைந்தது, நடுவானது, கூடியது என்று தெரியும். பேரத்தை நடு விலையில் தொடங்குங்கள்.

கேள்வி: பழைய சிடி வாங்கி ஏமாந்தால் என்ன செய்வது?

பதில்: நானும் ஒருமுறை ஏமாந்தவன்தான். 'ஒரிஜினல்' என்று வந்த தட்டைத் திருப்பினால் அடிப்பக்கம் பச்சை கலந்த நீலம். வீட்டுக் கம்ப்யூட்டரில் எழுதிய சிடி. அதிலிருந்து அடிப்பக்கத்தின் படமும், நடு வளையத்தில் பொறித்த எண்ணின் படமும் கேட்காமல் பணம் கட்டுவதில்லை. தட்டின் நிலைக்கு விற்பவர் போடும் தரக் குறியீட்டையும் கவனியுங்கள்: 'வெரி குட்' என்றால் பேருக்குத்தான் நன்று, கீறல் இருக்கும். 'வெரி குட் பிளஸ்'ஸுக்குக் கீழே நான் போவதில்லை.

இங்கிலாந்தில் கடைக்காரரிடம் வாங்கினால், சொன்னபடி இல்லாத பொருளை 30 நாளுக்குள் திருப்பிப் பணம் கேட்கலாம். 2015 நுகர்வோர் சட்டம் தரும் உரிமை இது. கடைக்காரரிடம் ஆன்லைனில் வாங்கினால், காரணமே சொல்லாமல் 14 நாளுக்குள் ரத்து செய்யலாம். ஆனால் சீல் வைத்த சிடியைப் பிரித்துவிட்டால் இந்த 14 நாள் உரிமை போய்விடும், ஆகவே மனம் மாறுகிற ஆளாக இருந்தால் பிரிக்காதீர்கள். பழுது இருந்தால் பிரித்ததற்காக உரிமை போகாது.

தனியாளிடம் வாங்கினால் பாதுகாப்பு குறைவு. அவர் எழுதிய விவரத்துக்குப் பொருள் ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான். அதனால் விளம்பரத்தைப் பணம் கட்டும் முன்பே படம் பிடித்து வையுங்கள். விற்றதும் விவரத்தை மாற்றுகிறவர்கள் உண்டு.