விண்டோஸ் 11க்கு ஏற்றிய பின் விர்ச்சுவல்பாக்ஸ் உபுண்டுவில் நெட் வரவில்லை. எங்கிருந்து பார்ப்பது?

கேட்டிருப்பது இதுதான்: வேளச்சேரியில் வீட்டு ஃபைபர் இணைப்பு, வைஃபை ரவுட்டர். லேப்டாப்பை விண்டோஸ் 10இலிருந்து 11க்கு ஏற்றியிருக்கிறீர்கள். அதில் விர்ச்சுவல்பாக்ஸ் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) வழியாக உபுண்டு ஓடுகிறது. பிரிட்ஜ்டு முறையில், அதாவது ரவுட்டரிடமே நேராக ஐபி (நெட்வொர்க் முகவரி) வாங்கும் முறையில், 192.168.1 என்று தொடங்கும் ஐபி வாங்கிக்கொண்டிருந்த உபுண்டுவுக்கு இப்போது ஐபியே வருவதில்லை. லேப்டாப்பில் நெட் நன்றாக ஓடுகிறது.

உபுண்டுவுக்குள் இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் இருக்கும் ‘நெட்வொர்க் ரீசெட்’ பக்கமும் போகாதீர்கள். அது எல்லா அடாப்டர்களையும் கழற்றிவிட்டு மறுபடி நிறுவும். ஆபீஸ் விபிஎன் வைத்திருந்தால் அதையும் திரும்பப் போடவேண்டி வரலாம். பழுது விண்டோஸ் பக்கமா, உபுண்டு பக்கமா என்பதை முதலில் பிரித்துவிட வேண்டும்.

உபுண்டுவை முழுதாக ஷட்டவுன் செய்யுங்கள், சேவ் ஸ்டேட்டில் (ஓடும் நிலையை அப்படியே உறையவைப்பது) விடவேண்டாம். விர்ச்சுவல்பாக்ஸில் அந்த மெஷினின் செட்டிங்ஸ், நெட்வொர்க், அடாப்டர் 1 போய், பிரிட்ஜ்டு என்பதை என்ஏடி (லேப்டாப்பின் இணைப்பு வழியாகவே உபுண்டு நெட் எடுக்கும் முறை) என்று மாற்றுங்கள். ‘கேபிள் கனெக்டட்’ டிக் இருக்கிறதா என்றும் அங்கேயே பார்த்துவிடுங்கள். பிறகு உபுண்டுவை ஸ்டார்ட் செய்து டெர்மினலில் ஐபியைப் பாருங்கள். 10.0.2.15 வந்து, 8.8.8.8க்கு பிங்கும் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போனால் உபுண்டுவில் குறையில்லை. விண்டோஸில் பிரிட்ஜ் அறுந்திருக்கிறது. எண்ணுக்குப் பிங் போய், தளத்தின் பெயருக்குப் போகவில்லை என்றால் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் மட்டும்தான் சிக்கல்.

இந்தச் சோதனை ஓர் இடத்தில் ஏமாற்றும். உபுண்டுவில் 192.168.1.50 போல நிலையான ஐபி எழுதி வைத்திருந்தால், என்ஏடியில் அது வேலை செய்யவே செய்யாது. கேட்வே (வெளியே போகும் வழி) 192.168.1.1 என்று தேடும். அங்கே இருப்பதோ 10.0.2.2. அப்படியானால் உபுண்டு லைவ் ஐஎஸ்ஓவை (நிறுவாமலே ஓடும் உபுண்டு ஃபைல்) அதே மெஷினின் டிவிடி டிரைவில் வைத்து, ‘ட்ரை உபுண்டு’ கொடுத்துப் பாருங்கள். டிஸ்கில் இருப்பதைத் தொடாமலே விடை தெரிந்துவிடும்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் விண்டோஸ் பக்கம்தான் எனக்குச் சந்தேகம். காரணம் இருக்கிறது. பிரிட்ஜ்டு முறைக்காக விர்ச்சுவல்பாக்ஸ் உங்கள் வைஃபை கார்டின் மேல் ஒரு ஃபில்டர் டிரைவரை உட்கார வைக்கிறது. விண்டோஸை அடுத்த பதிப்புக்கு ஏற்றும்போது நெட்வொர்க் கார்டுகள் புதிதாக நிறுவப்படுகின்றன. அப்போது இந்த ஃபில்டர் ஒட்டாமல் விடுபட்டுப் போகலாம். கார்டு வேலை செய்வதால் லேப்டாப்பில் நெட் வரும். ஃபில்டர் இல்லாததால் உபுண்டுவுக்கு மட்டும் வராது.

சரிபார்க்க, கன்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸ் திறந்து, வைஃபை மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போங்கள். பட்டியலில் ‘விர்ச்சுவல்பாக்ஸ் என்டிஐஎஸ்6 பிரிட்ஜ்டு நெட்வொர்க்கிங் டிரைவர்’ என்ற வரி இருக்கவேண்டும், டிக்கும் இருக்கவேண்டும். டிக் இல்லையென்றால் போட்டு ஓகே கொடுங்கள். இருந்தும் வேலை செய்யவில்லையென்றால் டிக்கை எடுத்து ஓகே, மறுபடி போட்டு ஓகே. வரியே இல்லையென்றால் அதே பெட்டியில் இன்ஸ்டால், சர்வீஸ், ஹேவ் டிஸ்க் என்று போய், ப்ரோகிராம் ஃபைல்ஸுக்குள் ஆரக்கிள், விர்ச்சுவல்பாக்ஸ், டிரைவர்ஸ், நெட்வொர்க், நெட்எல்டபிள்யூஎஃப் ஃபோல்டரில் உள்ள ஐஎன்எஃப் ஃபைலைக் காட்டலாம். எனக்குக் கேட்டால், அதைவிட விர்ச்சுவல்பாக்ஸின் புதிய 7 வரிசை இன்ஸ்டாலரை அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டுவது மேல். பழைய 6.1 வைத்துக்கொண்டு விண்டோஸ் 11இல் மல்லுக்கட்டத் தேவையில்லை. மேலேயே நிறுவினால் டிரைவர்களும் புதிதாக ஏறும். உங்கள் மெஷின்களின் டிஸ்க் ஃபைல்கள் அப்படியே இருக்கும். சேவ் ஸ்டேட் வேண்டாம் என்று முதலிலேயே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்: ஒரு பதிப்பில் உறையவைத்த நிலை அடுத்த பதிப்பில் திறக்காமல் போகக்கூடும்.

அடுத்து மெஷின் செட்டிங்ஸில் என்ஏடியை மறுபடி பிரிட்ஜ்டு ஆக்கி, அடாப்டர் பெயரைப் பாருங்கள். இதைப் பலரும் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். பிரிட்ஜ்டு கார்டை விர்ச்சுவல்பாக்ஸ் அதன் பெயரை வைத்துத்தான் நினைவில் வைத்திருக்கிறது. அப்டேட்டுக்குப் பிறகு விண்டோஸ் அதே கார்டைப் பெயரின் கடைசியில் ‘#2’ சேர்த்துப் பதிவு செய்திருந்தால், பழைய பெயரைத் தேடி ‘ஐஎஃப் நாட் ஃபவுண்ட்’ என்று முடியும் பிழையோடு மெஷின் நின்றுவிடும். பட்டியலைத் திறந்து இப்போதைய பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும். நெட் கேபிள் போர்ட், விபிஎன் அடாப்டர், புளூடூத் எல்லாம் அதே பட்டியலில் இருக்கும். வைஃபையில் இருந்துகொண்டு கேபிள் போர்ட்டைத் தேர்ந்தெடுத்திருந்தால் ஐபி எப்படி வரும்?

லைவ் ஐஎஸ்ஓவில் நெட் வந்து, உங்கள் உபுண்டுவில் மட்டும் வரவில்லையென்றால்தான் உள்ளே போகவேண்டும். விண்டோஸோடு சேர்த்து உபுண்டுவையும் 22.04இலிருந்து 24.04க்கு ஏற்றியிருந்தால் கார்டின் பெயரைப் பாருங்கள். விர்ச்சுவல்பாக்ஸில் முதல் அடாப்டர் வழக்கமாக இஎன்பி0எஸ்3, இரண்டாவது இஎன்பி0எஸ்8. உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்பை எழுதி வைத்திருக்கும் நெட்பிளான் ஃபைலில் ஒரு பெயரும் நிஜத்தில் வேறு பெயரும் இருந்தால் அந்தக் கார்டுக்கு ஐபி வராது. திருத்திய பிறகு நேராக ‘அப்ளை’ கொடுக்காமல் ‘நெட்பிளான் ட்ரை’ கொடுங்கள். 120 விநாடிக்குள் நீங்கள் உறுதி செய்யாவிட்டால் பழைய நிலைக்குத் தானே திரும்பிவிடும். அந்த ஃபைல் ஒய்ஏஎம்எல் என்பதால் தொடக்க இடைவெளிகளை ஸ்பேஸ் மட்டும் வைத்து எழுதுங்கள். ஒரு டேப் விழுந்தாலும் படிக்காது.

ஐபி வந்துவிட்டது, உபுண்டுவில் நெட்டும் வருகிறது, ஆனால் அங்கிருந்து லேப்டாப்பில் நெட்வொர்க் வழியாகப் பகிர்ந்த ஃபோல்டரைத் தொட முடியவில்லை என்றால், விண்டோஸ் உங்கள் வைஃபையைப் ‘பப்ளிக்’ என்று வைத்திருக்கிறதா பாருங்கள். வீட்டு வைஃபைதானே, ‘பிரைவேட்’ ஆக்கிவிடுங்கள். ஃபயர்வாலையே அணைத்துப் போடவேண்டாம்.

இதே லேப்டாப்பை ஓஎம்ஆர் பக்கம் பிஜியிலோ கோ-ஒர்க்கிங் இடத்திலோ வைத்து வேலை செய்தால், அங்கே பிரிட்ஜ்டு முறையை நம்பவேண்டாம். வைஃபையில் பொதுவாக ஒரு சாதனத்துக்கு ஒரு மேக் முகவரிதான் (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) செல்லும் என்பதால், விர்ச்சுவல்பாக்ஸ் உபுண்டுவின் பாக்கெட்டுகளை உங்கள் லேப்டாப்பின் மேக் முகவரியிலேயே அனுப்புகிறது. ஒரே மேக்கில் இரண்டு ஐபி தெரிவதைச் சில ரவுட்டர்கள் ஏற்பதில்லை. லாகின் பக்கம் கேட்கும் வைஃபை என்றால் சிக்கல் இன்னும் கூடும். அங்கே என்ஏடியிலேயே இருந்து, போர்ட் ஃபார்வர்டிங்கில் (லேப்டாப்பின் ஒரு போர்ட்டுக்கு வருவதை உபுண்டுவுக்குத் திருப்பிவிடும் வசதி) ஹோஸ்ட் போர்ட் 2222, கெஸ்ட் போர்ட் 22 என்று ஒரு வரி சேருங்கள். ஹோஸ்ட் ஐபி கட்டத்தில் 127.0.0.1 போட்டால் அதே வைஃபையில் இருக்கும் மற்றவர்களுக்கு அந்தக் கதவு திறக்காது. உபுண்டுவில் எஸ்எஸ்எச் (வேறு கணினியின் டெர்மினலுக்குள் நெட்வொர்க் வழியாக நுழையும் முறை) சர்வர் ஓடிக்கொண்டிருந்தால், விண்டோஸிலிருந்து 127.0.0.1 முகவரியில் 2222 போர்ட்டுக்கு எஸ்எஸ்எச் போட்டு உள்ளே போகலாம்.