மண் ரோட்டில் நெடுந்தூர பைக் பயணம்: கேள்விகளும் பதில்களும்

நெடுஞ்சாலையை விட்டு விலகி, மண் ரோடும் ஜல்லியுமாகப் பல நாள் பைக்கில் போகத் திட்டமிடுபவர்கள் கேட்ட கேள்விகள் இவை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, நெடுஞ்சாலையில் ஒரே நாளில் 600 கி.மீ. ஓட்டியிருக்கிறேன். மண் ரோட்டில் நாளுக்கு 400 என்று வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் தம்பி. 150 முதல் 200 வரை வைத்துக்கொள்ளுங்கள். மண் ரோட்டுக்குத் திட்டம் போடும்போது கிலோமீட்டரை மறந்துவிட்டு மணிக்கணக்கில் யோசிக்க வேண்டும். சுமாரான ஜல்லி ரோட்டிலேயே, வழி பார்க்க நிற்பது, தண்ணீர் குடிக்க நிற்பது எல்லாம் சேர்ந்தால் சராசரி வேகம் மணிக்கு 30 கி.மீ.யைத் தாண்டுவது கஷ்டம். மணலோ சேறோ வந்தால் அது 15க்கு இறங்கிவிடும். ஏழு மணி நேரம் ஓட்டிய பிறகு உடம்பு ஒத்துழைத்தாலும் கவனம் ஒத்துழைக்காது. பெரும்பாலும் வண்டி கீழே விழுவது அன்றைய கடைசி ஒரு மணி நேரத்தில்தான்.

இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தங்கும் இடத்தை அடைவது போலத் திட்டமிடுங்கள். ஒரு பஞ்சரே ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும். ஐந்து நாளுக்கு ஒரு நாள் எந்தத் திட்டமும் இல்லாமல் காலியாக விடுங்கள். அந்த நாள் ஓய்வுக்குப் பயன்படலாம், ரிப்பேருக்கும் பயன்படலாம். மழையில் ரோடு அடைபட்டால் சுற்றிப் போகவும் அதுதான் கைகொடுக்கும். காலி நாளே இல்லாத திட்டத்தில் முதல் தடங்கலிலேயே அவசரம் தொற்றிக்கொள்ளும்.

யாரோ ஓட்டிப் பதிவு செய்த ஜிபிஎக்ஸ் ஃபைலை (வழியைச் சேமித்து வைக்கும் ஃபைல்) ஜிபிஎஸ் கருவியில் போட்டேன். ஆனால் கருவி வேறு வழியில் கூட்டிப்போகிறது. ஏன்?

ஜிபிஎக்ஸ் ஃபைலுக்குள் இரண்டு விதமாக வழியை வைக்கலாம். 'ட்ராக்' என்பது போன தடத்தை வரிசையான புள்ளிகளாக அப்படியே வைத்திருக்கும். 'ரூட்' என்பது சில இடங்களை மட்டும் குறித்து வைத்திருக்கும். அவற்றுக்கு நடுவில் எப்படிப் போவது என்பதைப் பல கருவிகள் தாங்களாகவே கணக்குப் போடும். வேகமான வழியைத் தேடச் சொல்லியிருந்தால் உங்களைத் தார் ரோட்டுக்கே இழுத்துப்போகும். மண் ரோட்டுக்கு ட்ராக்கைத் திரையில் கோடாகப் போட்டு அதன் மேல் ஓட்டுவதே நல்லது.

ஃபைல் கிடைத்துவிட்டது என்று அப்படியே நம்பிக் கிளம்பவும் வேண்டாம். பலரும் சேர்ந்து வரையும் இலவச இணைய மேப்பான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வண்டித்தடங்களுக்கு 'கிரேடு 1' முதல் 'கிரேடு 5' வரை தரம் குறிக்கும் வசதி உண்டு. 1 என்றால் கெட்டியான தடம், 5 என்றால் இளகிய வெறும் மண். நான்கும் ஐந்தும் வரும் பகுதிகளைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சாட்டிலைட் படத்தைத் திறந்து, தடம் ஆற்றைத் தொடும் ஒவ்வொரு இடத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். பாலம் இருந்தால் அதன் நிழல் தண்ணீரில் விழுந்திருக்கும். இல்லையென்றால் இரு கரையிலும் சக்கரத் தடங்கள் விசிறி மாதிரி விரிந்து நீருக்குள் இறங்கும். வீட்டில் உட்கார்ந்து செய்யும் வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மேப்பையும் படத்தையும் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், போகும் இடத்தில் சிக்னலை எதிர்பார்க்க முடியாது.

என் டேங்க் 13 லிட்டர், மைலேஜ் 35. 455 கி.மீ. ஓடும். அடுத்த பங்க் 380 கி.மீ.யில். தனியாக கேன் வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். 35 என்பது தார் ரோட்டில் கிடைத்த மைலேஜ். சுமையோடு, முதல் இரண்டு கியரில், எதிர்க்காற்றில் அது 25க்கு இறங்கினால் 13 லிட்டரில் 325 கி.மீ.தான். ஐந்து லிட்டர் கூடுதலாக இருந்தால் 450 ஆகிறது. சரி, 300வது கிலோமீட்டரில் பாலம் உடைந்து கிடந்தால்? திரும்பி வரவும் பெட்ரோல் வேண்டும் அல்லவா? 450இல் பாதியான 225வது கிலோமீட்டரை மேப்பில் குறித்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டும் முன், எதிரில் வருபவர்களிடம் முன்னால் ரோடு எப்படி என்று கேட்டுவிடுங்கள்.

ட்யூப் டயர்தான். காற்றை எவ்வளவு குறைக்கலாம்?

தார் ரோட்டில் வண்டிக் கையேடு சொல்லும் அளவு. ஜல்லிக்கும் மண்ணுக்கும் 22 முதல் 25 பிஎஸ்ஐ. ஆழமான மணலில் 15 முதல் 18. காற்றைக் குறைத்தால் டயர் அகன்று படியும், அதனால் மணலில் புதையாது. அதே நேரத்தில் வேகத்தையும் குறைத்தாக வேண்டும். அந்தக் காற்றோடு கல்லில் வேகமாக ஏறினால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் ட்யூப் நசுங்கும். பாம்பு கடித்தது போல இரண்டு ஓட்டை இருந்தால் இதுதான் காரணம். தார் ரோடு வந்ததும் காற்றை ஏற்றிவிடுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. காலையில் வண்டியை எடுக்கும் முன் வால்வைப் பாருங்கள். அது ரிம்மிலிருந்து நேராக நிற்க வேண்டும். சாய்ந்திருந்தால் டயர் ரிம்மில் நழுவுகிறது, ட்யூபையும் கூடவே இழுக்கிறது என்று பொருள். அப்படியே ஓட்டினால் வால்வு அடியோடு அறுந்துவிடும், அதை ஒட்ட முடியாது. வால்வின் நட்டை ரிம்மோடு இறுக்காமல் மேலே மூடிக்கு அடியில் ஏற்றி வைத்தால் இந்தச் சாய்வு முன்கூட்டியே கண்ணில் படும்.

முன் சக்கரம் 21 அங்குலம் என்றால் அந்த அளவு ட்யூப் ஒன்றைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். அவசரத்துக்கு அதையே பின் சக்கரத்திலும் திணித்து அடுத்த ஊர் வரை ஓட்டிவிடலாம்.

பெரிய அட்வென்ச்சர் பைக் வாங்கிவிட்டுத்தான் போக வேண்டுமா?

இல்லை. கீழே விழுந்தால் தனியாளாகத் தூக்கி நிறுத்த முடிகிற வண்டி போதும். சுமையெல்லாம் ஏற்றிய பிறகு அதைத் தூக்கிப் பாருங்கள்.

பக்கவாட்டில் அலுமினியப் பெட்டியா, துணிப் பையா?

மண் ரோடு அதிகம் என்றால் துணிப் பை. வண்டி சாயும்போது கால் பெட்டிக்கு அடியில் மாட்டினால் எலும்பு முறியும். கனமான டூல்ஸும் தண்ணீரும் தாழ்வாகவும் முன்தள்ளியும் இருக்கட்டும்.

ஆற்றைக் கடக்கத்தான் பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானதுதான். முதலில் நடந்து கடந்து பாருங்கள். உங்களால் நிலையாக நடக்க முடியாத நீரில் வண்டியும் போகாது. முழங்கால் ஆழத்துக்கு மேல் வேகமாக ஓடும் நீரில் இறங்க வேண்டாம். பனி உருகி வரும் ஓடை என்றால் இரவு அங்கேயே தங்குங்கள், விடியற்காலையில் நீர் குறைந்திருக்கும்.

இறங்கிய பிறகு முதல் கியரில், சீரான ஆக்ஸிலேட்டரில், எதிர்க்கரையைப் பார்த்து ஓட்டுங்கள். நடுவில் இன்ஜின் நின்று வண்டி சாய்ந்துவிட்டால் கை தானாக ஸ்டார்ட்டருக்குப் போகும். அமுக்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், தண்ணீர் காற்று மாதிரி அமுங்காது, பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராட் வளைந்துவிடும். கரைக்குத் தள்ளி வந்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு இன்ஜினைச் சுழற்றினால் தண்ணீர் பிளக் ஓட்டை வழியாகப் பீய்ச்சிக்கொண்டு வெளியேறும். ஏர் ஃபில்டரைக் காய வையுங்கள். ஆயிலைப் பாருங்கள். பால் கலந்தது போல வெளுத்திருந்தால் மாற்றாமல் ஓட்டக் கூடாது.

போனை ஹேண்டில்பாரில் மாட்டலாமா?

அதிர்வு கேமராவைக் கெடுக்கும். ஆப்பிள் நிறுவனமே 2021இல் இதைப் பற்றி எச்சரித்தது. அதிர்வைத் தாங்கும் மவுன்ட் போடுங்கள், அல்லது வழிகாட்டப் பழைய போன் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

4,000 மீட்டருக்கு மேல் ஏறும் வழி. வண்டி தாங்குமா?

வண்டி தாங்கும். 1,000 மீட்டருக்கு ஏறக்குறைய 10 சதவீதம் சக்தி குறையும். கார்புரேட்டர் வண்டி கறுப்புப் புகை விடும். நான் கவலைப்படுவது உங்கள் உடம்பைப் பற்றித்தான். 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் இடத்தின் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்குங்கள். தலைவலியோடு வாந்தியும் வந்தால் மேலே ஏறக் கூடாது. நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ அப்போதே கீழே இறங்கிவிட வேண்டும்.

சார், என் மகன் தனியாகப் போகிறான். வீட்டில் இருக்கும் நான் என்ன செய்வது?

நல்ல கேள்வி அம்மா. தினமும் போன் செய்யச் சொல்லாதீர்கள். சிக்னல் இல்லாத நாளில் நீங்களும் தவிப்பீர்கள், அவனும் சிக்னலைத் தேடி இருட்டில் ஓட்டுவான். சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் சிறிய கருவி ஒன்று வாங்கிக் கொடுங்கள். கிளம்பும் முன் அதிலிருந்து உங்களுக்கு ஒரு செய்தி அனுப்பச் சொல்லிப் பாருங்கள்.

பிறகு ஒரு தாளில் நான்கு விஷயங்களை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: அவன் போகும் தடம், ஒவ்வோர் இரவும் தங்க நினைக்கும் இடம், வண்டி எண், அந்தந்தப் பகுதியின் மீட்பு உதவி எண். ஒரு கெடுவையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள், உதாரணமாக மறுநாள் மதியம் 12 மணி. அதுவரை செய்தி இல்லையென்றாலும் காத்திருங்கள். தாண்டிவிட்டால் யோசிக்காமல் அந்த எண்ணைக் கூப்பிடுங்கள். வழியை மாற்றினால் மாற்றும் இடத்திலிருந்தே அவன் உங்களுக்குச் செய்தி அனுப்ப வேண்டும், இல்லையென்றால் அவன் இல்லாத இடத்தில் தேடிக்கொண்டிருப்பார்கள்.