கிறிஸ்தவத்தில் நேர்மையையும் மனநிறைவையும் ஏன் சேர்த்தே பேசுகிறார்கள்?

மனநிறைவு என்றால், கையில் இருப்பதை வைத்து நிம்மதியாக வாழ்வது. நேர்மை என்றால், யாரும் பார்க்காவிட்டாலும் அடுத்தவர் பொருளில் கை வைக்காதது. முதலாவது இல்லாமல் இரண்டாவது நீடிப்பது கஷ்டம்.

பைபிளில் லூக்கா என்ற நூலின் 3-ஆம் அதிகாரத்தில் இது பளிச்சென்று தெரியும். “நாங்கள் என்ன செய்யவேண்டும்?” என்று, இயேசுவுக்கு முன்னோடியாக வந்து போதித்த யோவான் ஸ்நானகனிடம் வரி வசூலிப்பவர்கள் கேட்கிறார்கள். கூடுதலாக வசூலித்ததைத் தங்கள் பைக்குள் போட்டுக்கொள்வதுதான் அன்றைய வழக்கம். வேலையை விடச் சொல்லவில்லை அவர். விதித்ததற்கு மேல் வாங்காதே என்கிறார், அவ்வளவுதான். அப்புறம் போர்வீரர்கள். மிரட்டிப் பறிக்காதே, பொய்க்குற்றம் சாட்டாதே என்றவர், கூடவே சம்பளம் போதுமென்று இரு என்கிறார். எனக்கு அந்தக் கடைசிப் பேச்சுதான் முக்கியமாகப் படுகிறது. லஞ்சத்தின் வேரே அங்கேதானே இருக்கிறது!

வயிறார சாப்பிட்டுவிட்டு மளிகைக்கடைக்குப் போகிறவர் கண்ணில் பட்டதையெல்லாம் கூடையில் அள்ளிப் போடமாட்டார். கடவுள் கைவிடமாட்டார் என்ற நம்பிக்கை ஒருவருக்குள் செய்யும் வேலையும் ஏறக்குறைய அதுதான்.

சரி, அப்படியானால் குறைந்த கூலிக்கும் வாயைத் திறக்கக்கூடாதா? பலர் இப்படித்தான் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். வயலில் அறுத்தவர்களின் கூலியைப் பிடித்து வைத்த பணக்காரர்களை, பைபிளில் உள்ள யாக்கோபின் கடிதம் (5:4) நேருக்கு நேராகவே கண்டிக்கிறது.